‘அது’ இல்லாமல் நன்றாக வாழ முடியாதா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். உங்களுக்கு வயது 42, கணவருக்கு 48. திருமணமாகி 18 வருடம். கல்லூரிக்குப் போகும் மகன், எட்டாவது படிக்கும் மகள். கணவர் குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுக்கிறார். ஏழு வருடமாக அவருக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் உண்டு. மூன்று வருடமாக உங்கள் இருவருக்கும் இடையில் உடலுறவு இல்லை. அவர் ஹாலில் படுக்கிறார், நீங்கள் மகளோடு அறையில். தோழியிடம் ஒருமுறை வாயைத் திறந்தபோது, “இந்த வயசுல இதெல்லாம் ஒரு குறையாடி” என்று சிரித்துவிட்டாராம். அதன்பிறகு கேட்கிறீர்கள்: ஒருவரின் மொத்த நலத்தில் பாலுறவுத் திருப்திக்கு உண்மையிலேயே எவ்வளவு இடம்? அது இல்லாமல் நன்றாக வாழ முடியாதா?

இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. ‘எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது இதை மட்டும் எதிர்பார்க்கிறேனே, நான் அலைகிறேனா?’ அதற்குப் பதில் சுலபம். இல்லை. பசிக்கிறது என்று சொல்கிறவரைப் பேராசைக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. மற்றக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

நான் ஒரு மாவட்டத் தலைநகரில் 23 வருடமாக மனநல மருத்துவம் பார்க்கிறேன். பாலியல் சிகிச்சை என்று பலகை மாட்டியதில்லை. ஆனால் தூக்கம் வரவில்லை, தலை பாரம், படபடப்பு, உடம்பெல்லாம் வலி என்று வருகிறவர்களில் பலர், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து, கதவுப் பிடியில் கை வைத்த பிறகு திரும்புவார்கள். “அப்புறம் டாக்டர், இன்னொண்ணு…” அந்த இன்னொன்றைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டதுதான் அதிகம். இதில் ஒரு கோணல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சந்தோஷமாக இருக்கும் தம்பதிகள் என்னிடம் வருவதில்லை. மெக்கானிக்கைக் கேட்டால் ஊரில் ஓடுகிற வண்டியே இல்லை என்றுதான் சொல்வார். அதோடு நான் உங்களையோ உங்கள் கணவரையோ பார்த்ததில்லை. ஒரு பக்கக் கதையை வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில், உறுதியாகத் தெரிந்தவை. 2004-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாள் முழுவதும் என்னென்ன செய்தார்கள், ஒவ்வொன்றையும் செய்யும்போது மனம் எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார்கள். உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினரின் ஆய்வு அது. சமையல், டிவி, குழந்தை, அலுவலகம், பயணம் என்று வந்த பட்டியலில் மிக இனிமையான நேரம் என்று முதலிடம் பெற்றது துணையோடு நெருக்கமாக இருந்த நேரம். அதற்குச் செலவானது, எல்லோருக்கும் சராசரி போட்டுப் பார்த்தால், ஒரு நாளில் 12 நிமிடம். கடைசி இடம் காலையில் வேலைக்குப் போகும் பயணத்துக்கு. அதே வருடம் பொருளாதார அறிஞர்கள் இருவர் 16,000 அமெரிக்கர்களின் தரவை எடுத்து, பணத்தையும் பாலுறவையும் மகிழ்ச்சியையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். பாலுறவுக்கும் மகிழ்ச்சிக்கும் வலுவான தொடர்பு தெரிந்தது. ஆகவே ‘இதெல்லாம் ஒரு குறையா’ என்ற உங்கள் தோழியின் கேள்விக்குத் தரவு சொல்லும் பதில், ஆம், குறைதான்.

ஆனால் எவ்வளவு வேண்டும்? 2015-இல் வெளியான இன்னொரு ஆய்வு, 30,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் நாற்பதாண்டுத் தரவைப் பார்த்தது. துணையோடு வாழ்கிறவர்களில், வாரத்துக்கு ஒருமுறை என்ற அளவுவரை மகிழ்ச்சி கூடிக்கொண்டே போகிறது. அதற்கு மேல் எத்தனை முறை என்றாலும் கோடு படுத்துவிடுகிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதைச் சொன்னால் என் அறையில் பல ஆண்கள் பெருமூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன். நண்பர்கள் கதை அளந்ததை நம்பித் தாங்கள்தான் பின்தங்கிவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள்.

சரி, வாரம் ஒருமுறை என்று நாள்காட்டியில் குறித்துவிட்டால் போதுமா? இங்கேதான் எனக்குப் பிடித்த ஆய்வு வருகிறது. மேலே சொன்னவை எல்லாம் தொடர்பைக் காட்டுகின்றன, காரணத்தைக் காட்டவில்லை. சந்தோஷமாக இருப்பவர்கள் அடிக்கடி சேர்கிறார்களா, அடிக்கடி சேர்வதால் சந்தோஷமா என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 35 முதல் 65 வயதுவரையான 64 தம்பதிகள். பாதிப் பேரிடம் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு சேருங்கள் என்றார்கள், மீதிப் பேரிடம் எதுவும் சொல்லவில்லை. மூன்று மாதம் ஆனது. சொல்லப்பட்டவர்கள் எண்ணிக்கையைக் கூட்டத்தான் செய்தார்கள். ஆனால் அவர்களுடைய மகிழ்ச்சி கூடவில்லை, சற்றுக் குறைந்தே போனது. ஆசை மங்கியது, அனுபவமும் சுவை குறைந்தது.

இந்த முடிவு எனக்கு ஆச்சரியம் தரவில்லை. குழந்தையின்மைக்குச் சிகிச்சை எடுக்கும் தம்பதிகளிடம் இதே சோதனை நம் ஊரில் தினமும் நடக்கிறது. “பன்னிரண்டாம் நாள், பதினாலாம் நாள் சேர்ந்து இருங்க” என்று சீட்டில் எழுதிக்கொடுப்பார்கள். அன்றைக்கென்று கணவருக்கு வேலைக்களைப்பு, மாமியார் ஊரிலிருந்து வந்திருப்பார், மனைவிக்கு ஊசி போட்ட வலி. இருந்தும் ‘முடித்தாக வேண்டும்’. ஆறு மாதத்தில் அந்த அறையே இருவருக்கும் பரீட்சை ஹால் ஆகிவிடும். குழந்தை பிறந்த பிறகும் இரண்டு மூன்று வருடம் ஒருவரை ஒருவர் தொடாதவர்களைப் பார்த்திருக்கிறேன். வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வரும்போதும் இதுதான். “லீவு முடியறதுக்குள்ள” என்று நாளை எண்ணுகிறார்களே, அந்த எண்ணிக்கையே ஆசையைத் தின்றுவிடுகிறது. ஒரு மனைவி என்னிடம் சொன்னார்: “முதல் பத்து நாள் யாரோ ஒருத்தர் மாதிரி இருக்கும் டாக்டர். பழகி வர்றதுக்குள்ள பெட்டி கட்டிடுவார்.”

எனவே எத்தனை முறை என்பது ஒன்று, திருப்தி என்பது வேறொன்று. திருப்தி என்று எதைச் சொல்கிறோம்? எனக்குப் புரிந்தவரை, ஒருவர் விரும்புவதற்கும் அவருக்குக் கிடைப்பதற்கும் உள்ள தூரம், அந்தத் தூரத்தைப் பற்றித் துணையிடம் பேச முடிகிறதா என்பது, இரண்டும் சேர்ந்ததுதான் அது. மாதம் ஒருமுறை போதும் என்று இருவரும் நினைக்கிற வீட்டில் குறையே இல்லை. வாரம் மூன்று முறை நடந்தும், அதில் ஒருவர் ‘எப்போது முடியும்’ என்று உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற வீட்டில் நிறைவு இல்லை. 29 நாடுகளில் 40 முதல் 80 வயதுவரையான சுமார் 27,500 பேரிடம் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பின் முடிவு 2006-இல் வந்தது. ஆணும் பெண்ணும் ஓரளவு சமமாக வாழும் நாடுகளில் பாலியல் நிறைவு அதிகம் என்று அதில் தெரிந்தது. பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண்களுக்கும். கட்டிலில் நடப்பதற்கும், அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்பதற்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் சொன்னால் சில கணவர்கள் கோபப்படுகிறார்கள்.

பாரி மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பாலியல் சிகிச்சையாளர் ஒரு கணக்குச் சொல்வார். தாம்பத்தியம் நன்றாக இருக்கும் வீட்டில், மண வாழ்க்கையின் மகிழ்ச்சியில் அதன் பங்கு 15 முதல் 20 சதவீதம்தான். அது கெட்டுப்போன வீட்டிலோ, 50 சதவீதத்துக்கு மேல் இடத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது. ஆய்வுக்கூடத்தில் அளந்த எண்ணாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள், அனுபவத்தில் சொன்னது. என் அனுபவமும் அப்படியே. பல் நன்றாக இருக்கும்போது வாய்க்குள் பல் இருப்பதே நினைவிருக்காது. ஒன்று வலித்தால் உடம்பு முழுக்கப் பல்தான். நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், இப்போதெல்லாம் அவர் ரிமோட்டை எடுக்கும் சத்தம்கூட எரிச்சலூட்டுகிறது என்று. ரிமோட் என்ன செய்தது பாவம்.

இது எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு தப்பு செய்துதான் நான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் மனச்சோர்வு என்று வந்த ஒருவருக்கு மாத்திரை கொடுத்தேன். ஆறே வாரத்தில் நல்ல முன்னேற்றம், சிரித்துப் பேசினார். நாலு மாதம் கழித்து முன்னைவிட மோசமாக அழைத்து வந்தார்கள். மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவிதான் வெளியே நர்ஸிடம் சொன்னார், மாத்திரை போட்டால் ‘அது’ முடியவில்லை, சொல்ல வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார் என்று. அந்த வகை மாத்திரைகள் ஆசையைக் குறைக்கும், உச்சத்தைத் தள்ளிப்போடும் என்பது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். நான் அவரிடம் அதைச் சொல்லவும் இல்லை, பிறகு கேட்கவும் இல்லை. சாகலாம்போல் இருக்கிறது என்று சொன்ன மனிதர், அந்த நிலைக்குத் திரும்பிப் போனாலும் பரவாயில்லை என்று இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். மருந்தை மாற்றியும் அளவைக் குறைத்தும் சரிசெய்திருக்க முடியும். அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் நானே கேட்டுவிடுகிறேன்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்திய வரி, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஏழு வருடச் சர்க்கரை. ‘அவருக்கு என்மேல் விருப்பம் போய்விட்டது’ என்று நீங்கள் முடிவுகட்டியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் நான் அங்கிருந்து தொடங்க மாட்டேன். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு. சர்க்கரை உள்ள ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு விறைப்பில் குறை வருகிறது. ரத்தக் குழாய், நரம்பு இரண்டையும் சர்க்கரை அரிக்கிறது. சில பிரஷர் மாத்திரைகளும் தங்கள் பங்குக்குக் கெடுக்கும். ஒருமுறை சரியாக வராது. அடுத்தமுறை ‘இன்றைக்கும் வராவிட்டால்?’ என்ற பயமே கெடுத்துவிடும். மூன்றாவது முறை தலைவலி என்று சொல்லிவிடுவார். பிறகு ஹாலில் மேட்ச் பார்த்தபடியே தூங்கிப்போவார். முத்தம் கொடுத்தால் அதற்கு மேல் போக வேண்டிவருமோ என்று முத்தத்தையும் நிறுத்துவார், தோளில் கை போடுவதையும் நிறுத்துவார். உங்களுக்குத் தெரிவது அன்பு வற்றிப்போன ஒரு கணவர். உள்ளே இருப்பது பெரும்பாலும் வெட்கத்தில் செத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். மனைவியிடம் சொல்வதைவிட ஒதுங்கிக்கொள்வது அவருக்கு எளிதாக இருக்கிறது.

இதில் நான் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு, அது உறுதியான பகுதி. ஆண்குறிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் அகலம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர். இதயத்துக்குப் போகும் குழாய் மூன்று நான்கு மில்லிமீட்டர். உடம்பெங்கும் ஒரே மாதிரி கொழுப்பு படிந்தால் எது முதலில் அடைக்கும்? சின்னக் குழாய்தான். அதனால் விறைப்புக் குறைவு பல ஆண்களுக்கு மாரடைப்புக்கு இரண்டு முதல் ஐந்து வருடம் முன்பே அடிக்கிற மணி. 48 வயது, சர்க்கரை, பிரஷர், மூன்று வருடமாக உறவில்லை என்றால், அவருடைய இதயத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் எந்த மருத்துவரும் முதலில் நினைப்பார். நீங்கள் நலம் என்று கேட்டதற்கு இப்படியும் ஒரு பொருள் இருக்கிறது. பாலுறவு நலத்தைக் கொடுக்கிறது என்பதைப்போலவே, நலம் குறையும்போது அதை முதலில் காட்டிக்கொடுப்பதும் அதுதான்.

கூடவே ஓர் எச்சரிக்கை. 1998-இல் சில்டெனாஃபில் (வயாகரா என்ற பெயரில் அறியப்பட்ட மாத்திரை) வந்த பிறகு இந்தக் குறைக்கு நல்ல மருந்து இருக்கிறது. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் வகை மாத்திரை எடுப்பவர் அதைத் தொடக் கூடாது. ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். மெடிக்கல் ஷாப்பில் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போய்ச் சீட்டில்லாமல் வாங்கிவரும் பழக்கம் நம் ஊரில் நிறைய. அதைவிட ஆபத்து, பேருந்து நிலையச் சுவர்களில் ‘ஆண்மைக் குறைவா?’ என்று ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர்கள். இப்படி விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருடச் சட்டம் ஒன்று தடைசெய்திருக்கிறது. எழுபது வருடம் ஆகியும் போஸ்டர் கிழியவில்லை. இளவயதில் கைப்பழக்கத்தால் சத்து போய்விட்டது, நரம்புத் தளர்ச்சி என்று பயமுறுத்தி லேகியம் விற்பதுதான் அவர்கள் முதலீடு. விந்து போனால் சத்து போகும் என்ற பயம் இந்தத் துணைக்கண்டம் முழுக்கப் பரவிய ஒன்று. பேராசிரியர் விக் என்ற இந்திய மனநல மருத்துவர் 1960-இலேயே அதற்குத் ‘தாது நோய்க்குறி’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். பயம்தான் நோய். சத்து எங்கேயும் போவதில்லை.

இனி உங்கள் பக்கம். கணவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பெண் உடம்புக்கு இதில் இடமே இல்லை என்று ஆகிவிடும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வேறு நோய்களுக்காக வந்த 149 மணமான பெண்களிடம் கேட்டு 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 73 சதவீதம் பேரின் மதிப்பெண் பாலியல் குறைபாட்டைக் காட்டியது. ஆசை வராதது, ஈரப்பசை இல்லாதது, வலி, உச்சம் தெரியாதது. மருத்துவமனைக்கு வந்தவர்களிடம், அதுவும் கேள்வித்தாளை வைத்து எடுத்த கணக்கு என்பதால், ஊரில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் அதில் இருந்த இன்னொரு வரியை என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் பெண்களில் ஒருவர்கூட இதற்காக எந்த மருத்துவரிடமும் போயிருக்கவில்லை. ஒருவர்கூட. நீங்கள் கேள்வியாவது எழுதியிருக்கிறீர்கள்.

42 வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றங்கள் தொடங்கும் காலம். உலர்வும் வலியும் மெல்ல வரலாம். வழுக்குத்தன்மைக்கான ஜெல்லும், தேவைப்பட்டால் மகப்பேறு மருத்துவர் எழுதித்தரும் ஈஸ்ட்ரோஜன் களிம்பும் இதற்கு எளிய தீர்வுகள். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதுதான் பெண்ணின் கடமை என்று நம்பும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்னொன்று, ஆசை முதலில் பொங்க வேண்டும், பிறகுதான் உறவு என்ற வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000-இல் எழுதியது போல, நீண்ட நாள் உறவில் இருக்கும் பல பெண்களுக்கு நெருக்கம் தொடங்கிய பிறகுதான் ஆசை வருகிறது. ‘எனக்காகத் தோன்றுவதே இல்லையே’ என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் மாறும். உங்களுக்கோ ஆசை இருக்கிறது, தொடக்கம்தான் இல்லை.

இனி, சந்தேகத்துக்குரியவை. அடிக்கடி உறவுகொண்டால் ஆயுள் கூடும் என்று வாட்ஸப்பில் வரும். அதற்கு ஒரு மூலம் உண்டு. வேல்ஸ் நாட்டின் கேர்ஃபில்லி வட்டாரத்தில் 45 முதல் 59 வயதான 918 ஆண்களைப் பத்து வருடம் தொடர்ந்தார்கள். உச்சம் அடிக்கடி அடைந்தவர்களில் இறப்பு விகிதம் மற்றவர்களைவிடப் பாதி. 1997-இல் வந்த முடிவு. ஆனால் ஆரோக்கியமாக இருப்பவர்தானே அடிக்கடி சேர முடியும்? ஆய்வாளர்கள் அதைக் கணக்கில் எடுக்க முயன்றார்கள், முழுதாக ஒதுக்க முடியாது. அடிக்கடி விந்து வெளியேறினால் புரோஸ்டேட் புற்றுநோய் குறையும் என்பதும் இந்த வகைதான். 32,000 ஆண்களின் தரவில் தொடர்பு தெரிகிறது, காரணம் நிரூபணமாகவில்லை. உடற்பயிற்சிக்கு ஈடு என்பார்கள். மான்ட்ரியலில் இளம் தம்பதிகளுக்குக் கருவி கட்டி அளந்ததில் ஒருமுறைக்கு ஆண்களுக்கு 101 கலோரி, பெண்களுக்கு 69. ஒரு தோசைக்குக்கூடக் கணக்கு இடிக்கும். கொஞ்சம் நம்பத் தகுந்ததாக எனக்குத் தோன்றுவது 2017-இல் வந்த ஒன்று. புதுமணத் தம்பதிகள் தினமும் எழுதிய குறிப்புகளைப் பார்த்தபோது, ஓர் உறவு தந்த நிறைவு சுமார் 48 மணி நேரம் மனதில் தங்குகிறது, அந்த ஒளி யாருக்கு அதிகம் தங்கியதோ அவர்களுக்குச் சில மாதம் கழித்தும் மணவாழ்வில் திருப்தி அதிகம் இருந்தது. ஆனால் அவர்கள் புதுமணத் தம்பதிகள். பதினெட்டு வருடம் ஆனவர்களுக்கு அதை நீட்டிச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அது இல்லாமல் நன்றாக வாழ முடியுமா? முடியும். நிறையப் பேர் வாழ்கிறார்கள். பாலீர்ப்பே தோன்றாத மனிதர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் 18,000 பேரைக் கேட்ட ஒரு கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஒருவர். அவர்களிடம் குறை ஒன்றும் இல்லை. துணையை இழந்தவர்கள், தனித்து வாழத் தீர்மானித்தவர்கள், இருவரும் பேசி ‘இனி இது நமக்கு வேண்டாம்’ என்று நட்பாக வாழும் முதியவர்கள், இவர்களில் மனம் நிறைந்தவர்களை நான் அறிவேன். ஹார்வர்டில் 1938-இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஓர் ஆய்வு முதுமையில் நலத்தைத் தீர்மானிப்பவற்றில் நெருக்கமான உறவுகளை முன்னே வைக்கிறது, அதில் நட்பும் அடங்கும். விரும்பி விடுவதற்கும், கேட்க வழியில்லாமல் விட்டுவிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. விரதம் இருப்பவர் வயிறும் பட்டினி கிடப்பவர் வயிறும் காலிதான். நீங்கள் எழுதியதைப் படித்தால் விரதம் மாதிரித் தெரியவில்லை. உங்களுக்கு வலிப்பதும் உறவு இல்லாதது மட்டுமல்ல என்று நினைக்கிறேன். மூன்று வருடமாக அதைப் பற்றி ஒரு வாக்கியம்கூட வீட்டில் பேசப்படவில்லை என்பதும் சேர்ந்துதான்.

அந்த வாக்கியத்தை எங்கே, எப்படிச் சொல்வது? படுக்கையில் வேண்டாம், சண்டையின் நடுவில் வேண்டவே வேண்டாம். முகத்துக்கு முகம் பார்க்காத இடம் நல்லது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது, மாலை நடையில். ‘நீங்க ஏன் என்னைத் தொடறதே இல்லை’ என்று தொடங்கினால் அவர் காதில் குற்றச்சாட்டாக விழும். ‘நீங்க பக்கத்துல படுக்காதது எனக்குக் கஷ்டமா இருக்கு, வேற எதுவும் வேண்டாம், பக்கத்துல இருந்தா போதும்’ என்றால் அவருக்குப் பரீட்சை பயம் வராது. மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இணை 1970-இல் எழுதி, இன்றும் நாங்கள் பயன்படுத்தும் முறையின் சாரமும் இதுதான். சில வாரங்களுக்கு உறவு கிடையாது என்று இருவரும் ஒப்புக்கொண்டு, தொடுவது மட்டும், முதலில் அந்தரங்கப் பகுதிகளை விட்டுவிட்டு. ‘செய்தாக வேண்டும்’ என்பதை எடுத்துவிட்டால் பல உடம்புகள் தாமாகவே விழித்துக்கொள்கின்றன. பிறகு இடம். பதின்மூன்று வயது மகள் அம்மாவோடு படுப்பது நம் வீடுகளில் சாதாரணம், அதில் தப்பில்லை. ஆனால் அறைக்கதவு உங்கள் இருவருக்குமாகச் சாத்தப்படும் இரவு ஒன்றாவது வாரத்தில் வேண்டும். மகளுக்கு ஹாலில் ஒரு கட்டில் போடுவது, நான் எழுதிக்கொடுத்த எத்தனையோ மருந்துகளைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது.

மருத்துவரிடம் போவதென்றால் அவருடைய சர்க்கரை மருத்துவரிடமே தொடங்கலாம். மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி, தைராய்டு, காலை எட்டிலிருந்து பத்துக்குள் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் இவ்வளவும் பார்த்துவிட்டு, பிரஷர் மாத்திரையை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். உங்களுக்குத் தூக்கம் கெட்டு, அழுகை வந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணில் தமிழில் பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

‘அவர் எங்கேயும் வர மாட்டார்’ என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மட்டும் போங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். முதல்முறை மனைவி தனியாக வருவார். இரண்டாவது முறை கணவர் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிரில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது முறை வெயில் அதிகம் என்று சொல்லி உள்ளே வந்து உட்காருவார். எழுந்து போகும்போது, கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு, “அப்புறம் டாக்டர், இன்னொண்ணு…” என்பார்.